மேசைமேல் ஒரு சோதனை

1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் புறப்பட்டு ஏறத்தாழ 40 விநாடிகளில் வானிலேயே சிதறியது. காரணம் யாது? பெரியதோர் எண்ணை 16 பிட் இடத்தில் அடக்க முயன்றதே. புதிய ராக்கெட்டின் பாதைக்குரிய எண்களைக் கொண்டு அந்நிரலைத் தரையிலேயே சோதித்திருப்பின், தவறு முன்னரே புலப்பட்டிருக்கும்.

சலவை இயந்திரத்தினுள் உள்ள சிறு சில்லுக்கும் இவ்வாபத்து உண்டு. அதன் நிரல் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுகிறது. சில்லினுள் நிகழ்வது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பொறியாளர், நிரலின் கணக்குப் பகுதியை மேசைக் கணிப்பொறிக்கு ஏற்றதொரு நூலகமாக்கி, பைத்தானின் 'சிடைப்ஸ்' வாயிலாக அழைக்கிறார். உணரிக்குப் பதிலாகப் பைத்தானே அளவுகளைக் கற்பித்துத் தருகிறது. ஆயிரம் சோதனைகளும் நொடிப்பொழுதில் முடிகின்றன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. ஏவிஆர் சில்லில் 'இன்ட்' என்பது 16 பிட். மேசைக் கணிப்பொறியிலோ 32. 200ஐ 200ஆல் பெருக்கிவரும் 40,000 மேசையில் சரியாக நிற்கும். சில்லிலோ 32,767க்கு மேல் இடமில்லை. ஆதலால், விடையை 'இன்ட்16' வகையில் வைத்தல் நன்று. அப்போது மேசையிலேயே −25,536 என வந்து தவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

இறுதிச் சோதனை சில்லிலேயே நடைபெறல் வேண்டும். மேசைச் சோதனை அதற்கு மாற்றன்று, முன்னோடியே ஆகும்.