பட்டையைக் கப்பலேற்றிய மலைகள்

இலங்கையில் ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டம் என்றாலே தேயிலைதான் நினைவுக்கு வரும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே தேயிலை போட்டார். அதே காலத்தில் அவர் சிங்கோனாவும் நட்டார். அந்தீஸ் மலையிலிருந்து கொண்டுவந்த அந்த மரத்தை வளர்க்கவே 1861இல் ஹக்கலவில் பூங்கா அமைத்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் விழுந்ததும் துரைமார் சிங்கோனாவைப் பிடித்துக்கொண்டார்கள். 1880களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது.

உரித்ததும் காயவைத்ததும் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள். பட்டையைத் தூளாக்கிச் சுண்ணாம்பு கலந்து, எண்ணெயில் கரைத்து, கந்தக அமிலத்தால் மலேரியா மருந்தான கொயினாவைப் பிரிக்கும் வேலை கடல் கடந்து நடந்தது. நீலகிரியில் அரசே ஆலை வைத்துக் கொயினா எடுத்தது. இலங்கை பட்டையோடு நின்றுவிட்டது. ஜாவாவின் சத்து மிகுந்த பட்டை சந்தைக்கு வர விலை சரிந்தது, சிங்கோனா நின்ற இடத்தில் தேயிலை ஏறியது. பிறகு 1934–35இல் மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கண்டிக்கு அடுத்த கேகாலைதான் மிக மோசமாக அடிபட்டது. அத்தனை பட்டை விளைந்த நாடு கொயினாவுக்குப் பிறரை எதிர்பார்த்து நின்றதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆனால் இப்போது பட்டையை ஆராயும் வேதியியல் கண்டியிலேயே இருக்கிறது. கித்துள் பதநீர் புளிக்காமலிருக்க முட்டியில் ஹல் மரப்பட்டைத் துண்டைப் போடுவது பழைய வழக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சுல்தான்பாவாவின் குழு 1980களின் தொடக்கத்தில் அந்தப் பட்டையை ஆராய்ந்து கோபலிஃபெரோல் என்ற சேர்மத்தைப் பிரித்தது. திராட்சையில் உள்ள ரெஸ்வெரட்ரோலின் மூன்று மூலக்கூறுகள் இணைந்த அமைப்பு அது. சோதீஸ்வரன் போன்ற தமிழ் அறிஞர்களும் ஹல் சேர்ந்த மரக்குடும்பத்தை ஆராய்ந்தார்கள். அக்குடும்பத்தின் இன்னொரு மரம் தந்த டிஸ்டிகோல் பாக்டீரியாவை எதிர்க்கிறது என்று 1987இல் சுல்தான்பாவாவின் குழு எழுதியது. ஹந்தானையில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

ஆனால் ஹல் இலங்கைக்கே உரிய காட்டுமரம். அதை உரித்துத் தொழில் நடத்தக் கூடாது. சிங்கோனாக் காலத்துப் பேராசை காட்டுக்குள் நுழையவே கூடாது. கைவைக்க வேண்டியது மரக்காலைக் குப்பையில். யூகலிப்டஸ், மஹோகனி, கண்டியைச் சுற்றிய மலைகளில் நட்ட கரீபியன் பைன் எல்லாவற்றின் பட்டையும் வெட்டிய இடத்திலேயே மக்குகிறது, அல்லது அடுப்புக்குப் போகிறது. பிரான்சின் தென்மேற்கில் மரத்தொழில் கழிக்கும் கடற்கரைப் பைன் பட்டையிலிருந்து ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பாலிஃபீனால் சாறு எடுத்து உலகெங்கும் விற்கிறார்கள். நம்முடைய பைன் வேறு இனம், அதன் பட்டையில் எது எவ்வளவு என்று தனியாக அளந்தாக வேண்டும். அளக்கும் கருவியும் ஆளும் இங்கேயே உண்டு.

கண்டி மழையில் பட்டை குவியலாகக் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் உரித்த கையோடு காயவைக்க வேண்டும். காயவைப்பதில் நம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழக்கம் உண்டு. முதல் சோதனையை அங்கிருந்தே தொடங்கலாம். சாறு எடுத்தபின் மிஞ்சும் சக்கையைக் காயவைத்தால் அதே தொழிற்சாலையின் அடுப்பில் விறகோடு எரிக்கலாம்.