துகில் இரவின் கேள்வி

பங்குனி முதல் ஆடி வரை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியத் தெருக்கூத்து, இறுதியில் படுகளமும் தீமிதியும். இவ்வழிபாடு செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் தோன்றியது என்னும் மரபை ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைடல் விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த இரவுகளில் துகிலுரியும் இரவே உச்சம். கூத்தை வெறும் கேளிக்கை என்போர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். துச்சாதனன் வேடமிட்டவர் சேலையைத் தொடுமுன் அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவார். கூட்டத்தில் கற்பூரம் எரியும். முகவீணையும் ஆர்மோனியமும் மத்தளமும் சூழத் திரௌபதி பாடுவதில் அழுகை உண்டு. ஆயினும் கண்ணனைக் கூவியழைக்குமுன் அவள் சபையை நோக்கி ஒரு சட்டக் கேள்வியை எழுப்புகிறாள். தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மரே விடை தெரியாமல் தடுமாறிய கேள்வி அது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இதனோடு ஒப்பிடலாம். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் ஏக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் ஊரெங்கும் பாடவைத்த படைப்பு அது. ஆனால் நந்தனார் இறைஞ்சுகிறார்; தீயில் மூழ்கியெழுந்த பிறகே தில்லைக்குள் செல்கிறார். நியாயம் கேட்கும் குரல் என்ற அளவில் எனக்குக் கூத்தின் திரௌபதியே நெருக்கமானவள்.

அந்தத் திரௌபதியின் கோயில் ஒன்றில்தான், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், 2023 ஏப்ரல் திருவிழாவின்போது உள்ளே சென்ற பட்டியல் சமூகத்தினர் தாக்கப்பட்டார்கள். ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மேல்பாதியிலோ ஜூன் மாதம் கோயிலுக்கே ‘சீல்’ வைக்கப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சில் கதவு திறந்து பூசை நடந்தது. காவல்துறைப் பாதுகாப்புடன் பட்டியல் சமூகத்தினர் உள்ளே சென்று வழிபட்டது 2025 ஏப்ரலில்.

இவ்வூர்களின் இன்னோர் இசை பறை. அம்மன் வீதியுலாவின் முன்னே அது முழங்கும். முழக்கியவர் பல ஊர்களில் கோயில் வாசலோடு நின்றுவிட வேண்டும். கடந்த சில பத்தாண்டுகளில் பறைக் கலைஞர்களின் பிள்ளைகள் பலர் இதற்கு இருவகையில் பதில் தந்திருக்கிறார்கள். சாவுக்கும் சாமிக்கும் ஊர்க் கட்டாயத்தால் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் ஒருபுறம். அதே பறையைப் போராட்ட மேடைக்கு எடுத்துச் சென்றவர்கள் மறுபுறம். முதல் வழியைக் கலைக்கு இழப்பு என்று வருந்துவோர் உண்டு. அந்த மௌனத்தையும் இசையின் எதிர்வினையாகவே நான் கொள்கிறேன். சொல்லப்போனால், அதற்குக் கொடுத்த விலை அதிகம்: அடிக்க மறுத்தவர்களுக்கு நிலத்தில் கூலி வேலை மறுக்கப்பட்டதுண்டு.

மேல்பாதியில் இனி பாரதம் நடக்கும் ஆண்டில், துகில் இரவன்று கூத்துக் களத்தின் முன்வரிசைப் பாயில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க விரும்புகிறேன்.