கண்டக்டர் மேடையேறிய பஸ்

லண்டனின் சிவப்பு மாடி பஸ்ஸைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. அதே பஸ்ஸுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, ஜன்னல்களுக்குத் திரை கட்டி, உள்ளே மங்கலான மேசை விளக்குகள் வைத்து, பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வண்டி ஒன்று அங்கே உண்டு. அதன் பெயர் கோஸ்ட் பஸ். பேய்க் கதை சொல்லப்போவதாக ஏற்றிக்கொண்டு, வழி நெடுகச் சிரிக்க வைப்பதுதான் அதன் வேலை. கண்டக்டர் உடையில் வருபவர் ஒரு நடிகர். நகரத்தைச் சுற்றிக் காட்டுவதும் நகைச்சுவை நாடகமும் ஒரே வண்டிக்குள் நடக்கின்றன. இந்தக் கலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நடிகரைப் பார்க்கும் முன் வண்டியைப் பார்க்க வேண்டும். பாதி வேலையைச் செய்வது அந்த அலுமினியக் கூடுதான்.

வண்டியின் பெயர் ரூட்மாஸ்டர். முன்பக்கம் இடது பாதியில் இன்ஜின், வலது பாதியில் ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய சிறு அறை. டிரைவர் வெளியிலிருந்து கதவைத் திறந்து அந்த அறைக்குள் ஏறிக்கொள்கிறார். பயணிகள் ஏறுவது பின்பக்கத்துத் திறந்த மேடை வழியாக. அங்கே கதவு கிடையாது, ஒரு கம்பம் மட்டும் உண்டு. டிரைவருக்குச் சாலை மட்டும்தான் பொறுப்பு. வண்டிக்குள் நடக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் கண்டக்டரே அதிகாரி. கூரையை ஒட்டி ஓடும் கயிற்றை இழுத்து மணி அடித்து அவர் டிரைவரிடம் பேசுவார். ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம், மூன்று என்றால் வண்டி நிரம்பிவிட்டது, அடுத்த நிறுத்தத்தில் ஏற்ற வேண்டாம். நம் ஊர் கண்டக்டரின் விசிலைப் போன்ற பாஷைதான். சாலையைப் பார்ப்பவர் ஒருவர், மனிதர்களைப் பார்ப்பவர் இன்னொருவர் என்ற இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் பஸ்ஸில் நாடகம் போட முடியாது.

ரூட்மாஸ்டரை வடிவமைத்தது லண்டன் டிரான்ஸ்போர்ட் நிறுவனம். ஏ. ஏ. எம். டுரான்ட் தலைமையிலான பொறியாளர்கள் இயந்திரத்தைக் கவனித்தார்கள். கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையும் வண்ணங்களையும் டக்ளஸ் ஸ்காட் தீர்மானித்தார். முதல் மாதிரி வண்டி 1954இல் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் நின்றது, 1956இல் பயணிகளை ஏற்றியது. 1958 முதல் 1968 வரை தொடர்ந்து கட்டினார்கள். மொத்தம் 2,876 வண்டிகள்.

இதன் உடலமைப்பில் ஒரு போரின் அனுபவம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் பட்டறைகள் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டின. அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்து, எடை குறைந்தும் உறுதி குறையாமலும் ஒரு கூட்டை எப்படிக் கட்டுவது என்பது அங்கேதான் அந்தத் தொழிலாளர்களுக்குக் கைவந்தது. பழைய பஸ்களில் கனத்த இரும்பு அடிச்சட்டம் ஒன்று இருக்கும், அதன்மேல் உடலைத் தூக்கி வைப்பார்கள். ரூட்மாஸ்டரில் அந்த அடிச்சட்டமே இல்லை. முன்னால் ஒரு சிறு சட்டம் இன்ஜினையும் ஸ்டியரிங்கையும் தாங்குகிறது, பின்னால் இன்னொன்று பின் அச்சைத் தாங்குகிறது. நடுவே முழுப் பாரத்தையும் சுமப்பது அலுமினிய உடல்தான். முந்தைய ஆர்.டி. வகை பஸ்ஸில் 56 பேர் உட்காரலாம். ரூட்மாஸ்டரில் 64 பேர். எட்டு இருக்கை கூடியும் எடை கூடவில்லை. அதோடு பவர் ஸ்டியரிங், தானியங்கி கியர், முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சுருள்வில் சஸ்பென்ஷன், குளிருக்கு ஹீட்டர் என்று 1950களின் பஸ் ஒன்றில் பலர் எதிர்பார்த்திராத வசதிகள். நாள் முழுக்க நின்றபடி டிக்கெட் கொடுக்கும் ஒருவருக்கு வண்டி குலுங்காமல் கிளம்புவது எவ்வளவு பெரிய உதவி! இன்று நின்றபடி வசனம் பேசும் நடிகருக்கும் அதே உதவி கிடைக்கிறது.

இந்த வம்சத்தோடு நமக்கும் உறவு உண்டு. ரூட்மாஸ்டரின் இயந்திரப் பகுதிகளைச் செய்த ஏ.இ.சி. நிறுவனம் 1962இல் லேலண்டோடு இணைந்தது. எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் இருப்பதும் அதே லேலண்ட்தான். லண்டனில் ஓடி ஓய்ந்த ஆர்.டி. மாடி பஸ்களைக் கப்பலேற்றி வாங்கி, இலங்கைப் போக்குவரத்துச் சபை கொழும்பு வீதிகளில் ஓடவிட்டது.

ரூட்மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பியது இயந்திரக் கோளாறு அல்ல. டிரைவரே டிக்கெட்டும் பார்க்கும் ஒற்றையாள் பஸ்களால் சம்பளச் செலவு மிச்சமானது. சக்கர நாற்காலியில் வருபவர்கள் ரூட்மாஸ்டரில் ஏறவே முடியாது. இந்த இரண்டாவது காரணம் நியாயமானது, அதை எந்தப் பழம்பொருள் ஆர்வலரும் மறுக்கக் கூடாது. 2005 டிசம்பர் 9 அன்று 159ஆம் எண் தடத்தோடு வழக்கமான சேவை முடிந்தது. பழைய நினைவுக்காக ஓரிரு தடங்களில் மட்டும் சில வண்டிகள் பிறகும் ஓடின. 2012இல் பின்மேடையும் கண்டக்டரும் கொண்ட புதிய ரூட்மாஸ்டர் வந்தது. ஆனால் அதிலிருந்த ஊழியர்களையும் 2016இல் எடுத்துவிட்டார்கள், பின்கதவும் மூடப்பட்டது. சாதாரணப் பயணியோடு பேச்சுக்கொடுத்து, அதட்டி, கிண்டலடித்து ஊரைக் கடக்க வைத்த அந்தப் பாத்திரம் நகர வாழ்க்கையிலிருந்து இறங்கிப்போனது. அதைச் சுற்றுலா பஸ் ஒன்று நாடகப் பாத்திரமாக மறுபடி ஏற்றிக்கொண்டதை நான் வெறும் வியாபார உத்தியாக நினைக்கவில்லை. லண்டன்வாசிகளுக்கு அந்தக் கண்டக்டரைத் தெரியும். அவர் வாயைத் திறக்கும் முன்பே பாதி நகைச்சுவை தயாராகிவிடுகிறது.

கோஸ்ட் பஸ் தனக்கென்று ஒரு கற்பனை வரலாறு வைத்திருக்கிறது. இறந்தவர்களைச் சுமந்துபோன நெக்ரோபோலிஸ் என்ற பஸ் கம்பெனியின் வண்டி இது என்பது கதை. கதை பொய், அதன் வேர் உண்மை. 1840களின் முடிவில் காலரா லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நகரத்து இடுகாடுகள் நிரம்பி வழிந்தன. ஊருக்கு வெளியே, சர்ரே மாவட்டத்தின் புரூக்வுட்டில் பெரிய கல்லறைத் தோட்டம் ஒன்றை அமைத்து, 1854இல் வாட்டர்லூவிலிருந்து அதற்குத் தனி ரயிலே விட்டார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமல்லாமல் சவப்பெட்டிகளுக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கெட் உண்டு. பெட்டிக்கு ஒருவழி டிக்கெட், துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் போகவரும் டிக்கெட். கட்டணத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டதால் பல்லாண்டுகள் ஏற்ற முடியவில்லை. அந்தப் பக்கம் கோல்ஃப் ஆடப் போனவர்கள் துக்க உடை மாட்டிக்கொண்டு மலிவு ரயிலில் ஏறிய செய்தியும் அந்த ரயிலின் வரலாற்றில் உண்டு. 1941இல் ஜெர்மானியக் குண்டு அதன் நிலையத்தைத் தாக்கியதோடு சேவை நின்றது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலச் சாலையில் அதன் முகப்புக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இப்படி ஒரு வரலாறு கையில் இருக்கும்போது நகைச்சுவை எழுதுபவர் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியது மிகவும் குறைவு.

இனி நடிகரின் தொழில் நுணுக்கம். மேடை நாடகத்தில் மேடை அசையாது, பார்வையாளரும் அசைய மாட்டார். இங்கே பார்க்க வேண்டிய பொருள் ஜன்னலுக்கு வெளியே நழுவிக்கொண்டே இருக்கிறது. மத்திய லண்டனின் பெரும்பாலான சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வண்டி வினாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் போகும். பத்து வினாடி எடுக்கும் ஒரு நகைச்சுவைக்குள் 90 மீட்டர் கடந்துவிடும்.

ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து வைட்ஹால் சாலையில் தெற்கே போகும்போது இடது பக்கம் பேங்க்வெட்டிங் ஹவுஸ் வரும். 1649 ஜனவரி 30 அன்று மன்னர் முதலாம் சார்ல்ஸை அதன் வாசலில் மேடை கட்டித் தலை வெட்டினார்கள். குளிரில் உடல் நடுங்கினால் பயத்தில் நடுங்குவதாக மக்கள் நினைத்துவிடுவார்கள் என்று அன்று அவர் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கேட்பவரைச் சிரிக்கவும் மனம் கனக்கவும் வைக்கும் செய்தி. ஆனால் அந்தக் கட்டடத்தின் மண்டபம் 110 அடி நீளம்தான். தடையில்லாமல் போனால் நான்கு வினாடிக்குள் பின்னால் போய்விடும். எனவே கட்டடம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே மன்னரின் பெயரைச் சொல்லி, சட்டையைச் சொல்லி, கட்டடம் ஜன்னலுக்கு நேரே வரும் நொடியில் கடைசி வார்த்தை விழும்படி அமைக்க வேண்டும். இதைச் சொல்பவர் பயணிகளைப் பார்த்து நிற்கிறார். சாலை அவருடைய முதுகுக்குப் பின்னால். பக்கவாட்டு ஜன்னலில் தெரியும் ஒரு கடைப்பலகையையோ தெருமுனையையோ அடையாளம் வைத்துத்தான் அவர் தன் இடத்தை அறிய வேண்டும்.

சிவப்பு விளக்கு விழுந்தால் கணக்கு முழுவதும் கலையும். அதனால் இந்த வகை நாடகத்தின் வசனம் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். இடத்தோடு கட்டுண்ட வசனம் ஒன்று, எங்கு நின்றாலும் சொல்லக்கூடிய வசனம் இன்னொன்று. இரண்டாவது அடுக்குதான் நடிகரின் தரத்தைக் காட்டும். நெரிசலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரரையும் சாலையைக் கடப்பவரையும் கதைக்குள் இழுத்துக்கொள்பவரே தேர்ந்தவர். அவர்களைப் புண்படுத்தாமல் இழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. வெளியே நடப்பவர் டிக்கெட் வாங்கி வரவில்லை, கேலிக்குச் சம்மதிக்கவும் இல்லை.

சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் புரோவைன் இரண்டு விஷயங்களைக் கண்டறிந்தார். தனியாக இருப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள். அன்றாடப் பேச்சில் எழும் சிரிப்புகளை அவர் எண்ணிப் பார்த்தபோது, நகைச்சுவை என்று ஓரளவாவது சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்தவை 10 முதல் 20 சதவீதம்தான். மீதி எல்லாம் மிகச் சாதாரணமான வாக்கியங்களுக்குப் பின் வந்த சிரிப்பு. சிரிப்பு முதலில் ஓர் உறவுச் சத்தம் என்பது அவர் முடிவு. இந்தக் கண்ணால் பார்த்தால் பஸ்ஸின் உள்ளறை சிரிப்புக்கென்றே கட்டியதுபோல் தோன்றும். தாழ்ந்த கூரை, தோளோடு தோள் உரசும் இருக்கை, எழுந்து போக வழியில்லாத நிலை. ஒருவர் சிரித்தால் ஒலி சிதற இடமில்லை, பக்கத்தில் இருப்பவரைத் தொட்டே தீரும். பல நாட்டவர் கூடியிருக்கும் வண்டியில் ஆங்கிலச் சிலேடை பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. அங்கே கைகொடுப்பது முகபாவமும் திடீரென அணையும் விளக்கும் பக்கத்து இருக்கைக்காரரின் சிரிப்பும்தான்.

நியூயார்க்கில் 2010 வாக்கில் தொடங்கிய 'தி ரைட்' என்ற சுற்றுலா பஸ், காட்சி ஜன்னலுக்கு வெளியே நழுவிப்போகும் சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. அங்கே வண்டியின் உள்ளமைப்பையே மாற்றினார்கள். இருக்கைகள் முன்னோக்கி இல்லாமல் பக்கவாட்டில், அரங்கத்துப் படிகள்போல் வரிசை வரிசையாக, பெரிய கண்ணாடிச் சுவரைப் பார்த்து அமைந்தன. மன்ஹாட்டனின் நடைபாதையே மேடை. கூட்டத்தில் ஒருவராக நடந்து வருபவர் திடீரென ஆடுவார், பாடுவார். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனாலும் என் விருப்பம் ரூட்மாஸ்டரின் பக்கமே. அதில் நகரம் நடிக்க வேண்டியதில்லை, இருந்தபடி இருந்தால் போதும்.

நகரம் தானாகவே தரும் கதைகளுக்கு லண்டனின் டவர் பாலத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1952 டிசம்பர் 30 இரவு, 78ஆம் எண் ஆர்.டி. பஸ் அந்தப் பாலத்தில் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. கப்பலுக்கு வழிவிடப் பாலம் திறக்கும் முன் அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணி அன்று அடிக்கவில்லை. நடுவே இரண்டாகப் பிரிந்து மேலெழும் பாலத்தின் தெற்குப் பலகையில் வண்டி இருக்கும்போதே அந்தப் பலகை எழத் தொடங்கியது. டிரைவர் ஆல்பர்ட் குண்டருக்கு நிறுத்த நேரமில்லை, நிறுத்தினால் ஆற்றில் விழும் அபாயம். அவர் வேகத்தைக் கூட்டினார். வண்டி இடைவெளியைத் தாண்டி, இன்னும் எழும்பாத வடக்குப் பலகையில் ஏறக்குறைய ஆறடி கீழே போய் இறங்கியது. உள்ளே சுமார் இருபது பேர், உயிர்ச்சேதம் இல்லை. குண்டருக்குக் கிடைத்த பரிசு 10 பவுண்ட். பாலத்தின் நீளம் சுமார் 240 மீட்டர், அங்கேயும் வேக வரம்பு 20 மைல்தான். கதையைச் சொல்லும் கண்டக்டருக்குக் கிடைப்பது 27 வினாடி. அதில் பாதி கடந்ததும், பலகைகள் இரண்டும் சேரும் கோட்டின் மேல் சக்கரம் ஏறும்போது, வேகத்தைக் கூட்டினார் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தாக வேண்டும்.