மார்கழிக் கல்யாணமும் அரைப் பவுனும்

எங்கள் நாத்தனார் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். பார்த்த பெண்ணும் அங்கேயே படிக்கிறவள்தான். தை மாதம் பழனியில் கல்யாணம் என்று பேசி முடித்த பிறகு, திடீரென்று ஒருநாள் போன். "டிசம்பர் 31-க்குள் இங்கேயே ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம் அத்தை, வரி குறையும்" என்கிறான்.

"அடப்பாவி, மார்கழியிலயா!" என்று நாத்தனார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

விசாரித்தால் விஷயம் இதுதான். வருஷக் கடைசி நாளன்று கல்யாணமாகியிருந்தால், அந்த வருஷம் முழுக்கவே தம்பதி என்று அங்கே கணக்காம். இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். பெண்ணுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே இவனுக்கு லாபம். இருவருமே கை நிறையச் சம்பாதித்தால் சில சமயம் வரி கூடிவிடுவதும் உண்டு. 1970-களில் மேரிலாண்டில் ஒரு தம்பதி வருஷக் கடைசியில் விவாகரத்து, புது வருஷத்தில் மறுபடி கல்யாணம் என்று இரண்டு தரம் செய்து, கோர்ட்டு வரை போயிருக்கிறார்கள்! நம் நாட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தனித்தனி வரிக்கணக்கு. அதனால் இந்தக் கூத்து இல்லை.

சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, சர்க்கார் பணத்துக்காக முகூர்த்தத்தைத் தள்ளியது எங்கள் நெய்க்காரப்பட்டித் தெருவிலேயே நடந்ததுதானே?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் தமிழக அரசு ஆரம்பித்த திருமண உதவித் திட்டம் உங்களுக்கும் நினைவிருக்கும். எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். நடுவில் சில வருஷம் நின்று மறுபடி வந்தது. பிறகு பத்தாவது வரை படித்திருக்க வேண்டும் என்றானது. 2011-ல் 25,000 ரூபாயோடு தாலிக்கு 4 கிராம் தங்கம். பட்டம், டிப்ளமா படித்தவளுக்கு 50,000. 2016-ல் தங்கம் 8 கிராம் ஆயிற்று. பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்திருந்தால்தான் எல்லாமே.

எங்கள் எதிர் வீட்டுக்காரி கரும்பு வெட்டப் போகிறவள். 2012-ல் மூத்தவளுக்குப் பதினேழு. தையிலேயே முடிக்கணும் என்று தாய்மாமன் வீட்டில் நெருக்கினார்கள். பதினெட்டுக்கு முன் செய்தால் குற்றம் என்று டீச்சரம்மா வந்து சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவள் மட்டும் என் திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். "ஆவணியில பதினெட்டு முடியுதுங்க்கா. ஏழு மாசத்துக்காக அரைப் பவுனை விட முடியுங்களா?"

சட்டம் சாதிக்காததை அரைப் பவுன் சாதித்தது. அந்த ஏழு மாதத்தில் பெண் தையல் கற்றாள். இன்றைக்கு எனக்கு ஜாக்கெட் தைப்பது அவள்தான்.

குறை இல்லாமலும் இல்லை. பணமும் தங்கமும் வந்தபோது அவள் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை! தாலி வட்டிப் பணத்தில்தான் செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரோ, "கவர்மெண்ட் தங்கம் போக நீங்க எவ்வளவு போடுவீங்க?" என்று அதையும் சீரில் சேர்த்துக்கொண்டார்கள். இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

2022-ல் அந்தத் திட்டம் 'புதுமைப் பெண்' என்று மாறிவிட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். "தாலித் தங்கம் போச்சே" என்று நானும்தான் அங்கலாய்த்தேன்.

எதிர் வீட்டுக் கடைக்குட்டி இப்போது பழனியில் கல்லூரிக்குப் போகிறாள். போன மாதம் யாரோ பெண் கேட்டு வந்தார்களாம். "மாசம் ஆயிரம் வருதுங்க, படிப்பு முடியட்டும்" என்று அனுப்பிவிட்டாள் அம்மாக்காரி. பேங்க் புஸ்தகம் பெண் பேரில். அம்மாவைக்கூடத் தொட விடுவதில்லையாம்!