சறுக்கித் திரும்பும் சுமையேற்றி

ஒரு கருவியின் பயனை அறிதல் எளிது. அதன் இயல்பை அறிதல் அரிது. பயனை மாத்திரம் அறிந்து இயல்பை அறியாதவர் கையில் அகப்படுங்கால் நற்கருவியும் உயிர்க்கு இறுதி பயக்கும். இக்காலத்துக் கட்டட வேலைத்தலங்களிற் பெரிதும் வழங்கும் ‘ஸ்கிட் ஸ்டியர் லோடர்’ என்னும் சிற்றியந்திரம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் அமைப்பையும், அவ்வமைப்பினின்று எழும் ஆபத்துக்களையும், அவற்றைத் தவிர்க்கும் முறைகளையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இவ்வியந்திரம் முதன்முதல் ஒரு வான்கோழிக் கொட்டிலுக்காகச் செய்யப்பட்டதாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மின்னசோட்டா மாகாணத்து ராத்சே என்னும் சிற்றூரில் சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்னும் சகோதரர் இருவர் பட்டறை நடத்திவந்தனர். வான்கோழிப் பண்ணையாளர் ஒருவர், தம் கொட்டிலின் தூண்களிடையே புகுந்து திரும்பத்தக்கதும், மேற்றளம் தாங்கத்தக்க அளவு இலேசானதுமாகிய எருவள்ளும் இயந்திரம் ஒன்றை அவர்களிடம் வேண்டினர். 1957-ஆம் ஆண்டில் அச்சகோதரர் மூன்று சக்கரங்களோடு கூடிய ஒன்றைச் செய்து கொடுத்தனர். மறு ஆண்டில் வட டக்கோட்டா மாகாணத்து மெல்ரோ கம்பெனியார் அதனை உற்பத்தி செய்யும் உரிமையைப் பெற்று, 1960-இல் நான்கு சக்கரங்களும் இயக்கம் பெறும் வண்ணம் அதனைத் திருத்தி அமைத்தனர். 1962-இல் அதற்குப் ‘பாப்காட்’ என்னும் பெயர் வந்தது. வேறு கம்பெனியார் செய்தவற்றையும் இப்பெயராலேயே வழங்குவோர் இன்றும் பலர்.

மோட்டார் வண்டியின் முன்சக்கரங்கள் திரும்புவதுபோல் இதன் சக்கரங்கள் திரும்புவதில்லை. இடப்பக்கத்துச் சக்கரங்கள் ஒருங்கே இயங்கும், வலப்பக்கத்தனவும் அவ்வாறே. ஒரு பக்கம் விரைந்தும் மறு பக்கம் மெல்லவும் சுழன்றால் வண்டி மெல்லச் சுழலும் பக்கமாகச் சறுக்கித் திரும்பும். ஒரு பக்கம் முன்னோக்கியும் மறு பக்கம் பின்னோக்கியும் சுழன்றாலோ, நின்ற இடத்திலேயே பம்பரம்போற் சுற்றும். இதனால் குறுகிய இடத்திலும் இது வேலை செய்ய வல்லதாயிற்று.

இனி இதன் ஆபத்தைக் காண்போம். மண்ணள்ளும் பக்கெட்டைத் தாங்கும் இரு இரும்புக் கரங்களும் ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னே பொருத்தப்பட்டு, அவருடைய இருபக்கமும் உராய்வதுபோல் ஏறி இறங்குகின்றன. இருக்கைக்குச் செல்லும் வழியோ பெரும்பாலான இயந்திரங்களில் முன்புறத்திலேயே, பக்கெட்டைக் கடந்து அமைந்துள்ளது. ஆதலின் கரங்கள் உயர்ந்திருக்கையில் ஒருவர் இறங்க முயன்று, கால் தவறி மிதியை மிதிப்பாராயின், அல்லது கை பட்டு லீவர் அசையுமாயின், கரங்கள் கீழிறங்கி அவரைச் சட்டத்தோடு நெருக்கிவிடும். தலையையோ கையையோ வெளியே நீட்டுவாருக்கும் இதுவே கதி. அமெரிக்க நாட்டுத் தொழிற் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1998-இலும், மீண்டும் 2010-இலும் இவ்வியந்திரத்தைக் குறித்து எச்சரிக்கை வெளியிட்டனர். கரங்களிடையும் பக்கெட்டின் கீழும் சிக்குண்டு நசுங்குதல், வண்டி கவிழ்தல் என்னும் இரண்டையும் உயிர்ச்சேதத்தின் தலையாய காரணங்களாக அவர்கள் எடுத்துக் காட்டினர்.

முதலாவதைத் தடுக்கும்பொருட்டு இயந்திரத்திலேயே ஓர் ஏற்பாடு உண்டு. ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்து, முன்னுள்ள காப்புச் சட்டத்தை இறக்கினாலன்றி, அல்லது சீட் பெல்ட்டைப் பூட்டினாலன்றி, கரங்கள் இயங்கா. அடிக்கடி இறங்கி ஏறவேண்டிய வேலையில் இது தொல்லையெனக் கருதி, இதன் கம்பியை வேறுவிதமாக இணைத்து இதனைச் செயலற்றதாக்குவோர் உளர். அவர்கள் மிச்சப்படுத்துவது சில விநாடிகளே. அதன் பொருட்டுப் பணயம் வைப்பதோ உயிர். ஏறும்போதும் இறங்கும்போதும் பக்கெட் தரையிற் படிந்திருத்தல் வேண்டும். லீவர்களைப் பற்றாது கைப்பிடிகளையே பற்றி, இயந்திரத்தை நோக்கியவாறு ஏறி இறங்குதல் வேண்டும். இறங்குமுன் பிரேக்கைப் பூட்டி, எஞ்சினை நிறுத்துதல் வேண்டும்.

இரண்டாவதாகிய கவிழ்தலுக்கு வண்டியின் குறுகிய வடிவமும், பாரம் உயர எழும்பும் இயல்புமே காரணம். பக்கெட் உயர உயரப் புவியீர்ப்பு மையமும் உயர்கின்றது. அந்நிலையில் விரைந்து திரும்பினால் வண்டி சாயும். ஆகவே சுமையைத் தாழ்த்திக்கொண்டே செல்லுதல் வேண்டும். எத்துணைச் சுமை ஏற்றலாம் என்பதற்கும் அளவுண்டு. சக்கர வண்டிகளில், எவ்வளவு பாரம் வண்டியை முன்புறமாகக் கவிழ்க்குமோ அதிற் பாதியே அனுமதிக்கப்பட்ட சுமையாகும். உதாரணமாக, 1,400 கிலோகிராம் பாரத்தில் முன்சாயும் வண்டிக்கு 700 கிலோகிராமே தகும். ஈரமண் உலர்ந்த மண்ணினும் பாரமுடைத்து என்பதையும் மறத்தலாகாது.

சரிவில் ஏறி இறங்குவதற்கு விதி ஒன்றே: பாரமான பக்கம் மேட்டை நோக்கியிருத்தல் வேண்டும். எஞ்சின் பின்புறத்தில் இருத்தலால், வெறும் பக்கெட்டுடன் உள்ளபோது பின்பக்கமே பாரமானது. அப்பொழுது பின்னோக்கி ஏறி, முன்னோக்கி இறங்குக. சுமை நிறைந்தவிடத்து முன்பக்கம் பாரமாகும். அப்பொழுது முன்னோக்கி ஏறி, பின்னோக்கி இறங்குக. சரிவின் குறுக்கே செல்லுதலும், சரிவின் நடுவே திரும்புதலும் கூடா. ஒருகால் வண்டி கவிழினும், ஓட்டுபவரைச் சூழ்ந்த இரும்புக் கூண்டு அவரைக் காக்கும். ஆனால் சீட் பெல்ட் அணியாதவர் வெளியே எறியப்பட்டு, அக்கூண்டின் கீழேயே நசுங்க நேரிடும். பெல்ட்டும் கூண்டும் ஒன்றின்றி மற்றொன்று பயன்படாத இரட்டைக் காப்பு எனலாம்.

அருகில் நிற்போரையும் எண்ணுதல் வேண்டும். நின்றவிடத்தே சுற்றும் இவ்வண்டியின் பின்புறம் எதிர்பாராத விரைவில் வீசித் திரும்பும்; ஓட்டுபவருக்கோ பின்புறம் நன்கு தெரியாது. ஆதலின் பின்செல்லுமுன் திரும்பிப் பார்த்தலும், வேலையெல்லைக்குள் பிறரை விடாதிருத்தலும் கடமைகளாம். பக்கெட்டில் ஆட்களை ஏற்றுதல் ஒருபோதும் தகாது. தோண்டுமுன் நிலத்தடியில் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ உளதா என வினவித் தெளிதல் வேண்டும். அமெரிக்காவில் இதற்கென 2007-ஆம் ஆண்டு முதல் 811 என்னும் தொலைபேசி எண் வழங்கப்படுகிறது. மூடிய கட்டடத்துள் எஞ்சினை இயக்கினால், நிறமும் மணமுமற்ற கார்பன் மானாக்சைடு வாயு நிறைந்து, உணருமுன்னரே மயக்கத்தை உண்டாக்கும்.

கரங்களை உயர்த்திவைத்துப் பழுது பார்க்க நேரின், இயந்திரத்தோடு தரப்பட்ட தாங்கியைப் பொருத்தாது அவற்றின் கீழே செல்லலாகாது. கரங்களைத் தாங்கி நிற்பது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தமே. குழாய் ஒன்று வெடித்தால் அவ்வழுத்தம் நொடியில் அகலும். எண்ணெய்க் கசிவைக் கையால் தடவிப் பார்த்தலும் பெருந்தவறு. ஊசிமுனையளவு துளையினின்று பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். உடனே அறுவை மருத்துவம் செய்யாவிடின் கையையே இழக்க நேரும். அட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டு சோதிப்பதே முறை.

மேற்கூறியவற்றுள் யாதொன்றும் அறிதற்கு அரிதன்று. ஆயினும் விபத்துக்கள் நிகழ்கின்றன. ஏன்? நேற்றும் அதற்கு முன்னாளும் விதியை மீறியும் தீங்கு நேராமையால், இன்றும் நேராது என்னும் எண்ணம் வளர்கின்றது. வேலையை விரைந்து முடிக்குமாறு மேலாளர் நெருக்குதலும் அவ்வெண்ணத்தை வலுப்படுத்துகின்றது. எனவே பொறுப்பு ஓட்டுபவர் ஒருவருக்கே உரியதன்று. பயிற்சி அளிப்பவரும், பழுதுபட்ட காப்பைச் சீர்ப்படுத்தும்வரை வண்டியை நிறுத்திவைப்பவரும், அதனால் நேரும் தாமதத்தைப் பொறுப்பவருமாகிய மேலாளரே முதற்காவலர். நம் மாணவருள் பலர் நாளை பொறியாளராகவும் மேற்பார்வையாளராகவும் விளங்குவர். அப்பொழுது தம் ஆணைக்குட்பட்டு வேலை செய்வோர் காலையிற் சென்றவாறே மாலையில் நலமுடன் வீடு திரும்புதலைத் தம் திறமையின் அளவுகோலாக அவர் கொள்வாராக.