மாறும் விடையைக் கண்காணித்தல்: 'வாட்ச்' என்னும் கட்டளை

பெரிய கோப்பொன்றைப் படியெடுக்கும்போது, வட்டில் எஞ்சிய இடத்தை அறிவதற்காகப் பணியாளர் 'டிஎஃப்' என்னும் கட்டளையை மீண்டும் மீண்டும் தட்டச்சு செய்வதுண்டு. லினக்ஸ் அமைப்பில் இவ்வேலையைக் கணிப்பொறியிடமே ஒப்படைத்துவிடலாம். 'வாட்ச்' என்னும் சொல்லை முன்னிட்டு அதே கட்டளையை எழுதினால், அது 2 வினாடிக்கு ஒரு முறை இயக்கப்பெற்று, பழைய விடை மறைந்து புதியது முனையத்திரையில் தோன்றும். சிறு கோட்டுடன் 'என்' என்னும் எழுத்தையும் ஓர் எண்ணையும் சேர்த்தால் இடைவேளை மாறும். 'டி' என்பது மாறிய எழுத்துகளைத் தனித்துக் காட்டும். 'ஜி' என்பது விடை மாறியதும் கண்காணிப்பை முடித்துவிடும். நாமாக நிறுத்தக் கன்ட்ரோல் விசையுடன் சி-யை அழுத்தவேண்டும்.

இதனை இடைவிடாத கண்காணிப்பு என்று கருதுவது பிழையாகும். ஆற்றின் நீர்மட்டத்தை மணிக்கொரு முறை அளவுகோலில் கண்டு எழுதுபவர், நடுவே ஏறி வடிந்த வெள்ளத்தை அறியார். 'வாட்ச்' காட்டுவதும் அத்தகைய தனித்தனிப் பார்வைகளே. எழுதி வைக்கும் வழக்கமும் இதற்கில்லை. மறைந்த விடை மறைந்ததே. ஆகவே வளர்ந்துவரும் பதிவுக்கோப்பைப் பின்தொடர 'டெயில்' கட்டளையை 'எஃப்' குறியுடன் இயக்குவதே தக்கது.

இடைவேளையை 0.1 வினாடிவரை குறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டளை முதலிலிருந்து ஓடுகிறது. கோப்புறைகளின் அளவைக் கூட்டும் 'டியு' போன்றதை இவ்வாறு விரைவுபடுத்தினால், பார்வையே பொறிக்குச் சுமையாகிவிடும். மேலும், ஒரு கட்டளை முடிய 5 வினாடி ஆகுமாயின், அது முடிந்த பின்னரே 2 வினாடி எண்ணப்படும். உண்மை இடைவெளி ஏறத்தாழ 7 வினாடி.

இரு கட்டளைகளைக் குழாய்க் குறியால் இணைக்கும்போது முழுவதையும் மேற்கோள் குறிகளுக்குள் இடுக. இன்றேல் 'வாட்ச்' முதற்பகுதியை மட்டும் ஏற்று, தன் திரைவெளியீட்டையே அடுத்த கட்டளைக்கு அனுப்பிவிடும். விடை நீண்டதாயின் திரை கொள்ளும் முற்பகுதி மட்டுமே தெரியும். கீழ்வரிகளில் நிகழ்ந்த மாற்றம் கண்ணுக்குப் படாது.

ஆசிரியர்கள் 'டேட்' என்னும் நேரம் காட்டும் கட்டளையை 1 வினாடி இடைவேளையிலும், பின்னர் 7 வினாடி இடைவேளையிலும் 'டி' குறியுடன் இயக்கிக் காட்டலாம். இரண்டாம் முறையில் திரையில் தோன்றாமலே போன வினாடிகளை மாணவர் எண்ணிச் சொல்லட்டும்.