ஆனையிறவு வீதியும் மோட்டார்ச் சைக்கிளும்

மோட்டார்ச் சைக்கிளில் செல்லும் பிள்ளையை வழியனுப்பும் பெற்றோர் கூறுவது பெரும்பாலும் ஒரே தொடர்: "கவனமாய்ப் போய் வா." இருபத்துமூன்று வயதுடைய என் மகன் பரந்தனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்பவன். அவனுக்கு யானும் அதனையே கூறி வந்தேன். உழைக்கும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துதல் இயலாது. ஊமையாய் இருத்தலும் இயலாது. "கவனம் என்றால் என்ன, அப்பா?" என்று ஒருநாள் அவன் வினவ, ஆசிரியனாகிய யான் விடையின்றி நின்றேன். பின்னர் தேடியறிந்தவற்றை ஈண்டுக் கூறுவேன்.

வன்னிப் பெருநிலத்தையும் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலம் ஆனையிறவு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி, கடல்நீரேரிக்கு நடுவே இதனைக் கடக்கின்றது. போர்க்காலத்திலே நெடுநாள் மூடப்பட்டுக் கிடந்த இவ்வீதி 2009இன் பின் திருத்தப்பட்டது. குழியும் மேடுமாயிருந்த நாளில் வீதியே வேகத்தைத் தடுத்தது. இன்று அது நேராகவும் சமனாகவும் கிடந்து வேகத்தை அழைக்கின்றது.

இவ்வெளியிலே காற்றைத் தடுக்க மரமில்லை. வைகாசி முதல் ஆவணி வரை சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும். மாலையில் பரந்தனை நோக்கித் திரும்புவோனுக்கு அக்காற்று வலப்புறத்தே தாக்கும். அவன் தன்னை அறியாமலே வண்டியை வலப்புறம் சாய்த்து ஓட்டுவான். அவ்வேளை எதிரே வரும் பெரிய லொறியொன்று காற்றைக் கணப்பொழுது மறைக்குமாயின், சாய்ந்த வண்டி அந்த லொறியின் பக்கமே நகரும். லொறி கடந்ததும் காற்று மீண்டும் அறையும். காலையிற் செல்லும்போது இத்தொல்லை இல்லை. வீடு திரும்பும் பயணத்தையே யான் அஞ்சியது வீணன்று!

வீழ்வோனைக் காப்பது தலைக்கவசம். 'அராபியாவின் லோறன்ஸ்' எனப் புகழ்பெற்றவர் 1935 மே மாதத்தில், துவிச்சக்கர வண்டியிற் சென்ற இரு சிறுவர்மேல் மோதாது விலக முயன்று தம் மோட்டார்ச் சைக்கிளிலிருந்து வீசப்பட்டு, ஆறு நாளின் பின் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கெயான்ஸ், பின்னர் மோட்டார்ச் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார்ச் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடொன்று, கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 அளவிற் குறைப்பதாகக் கூறுகின்றது. பொலிசாரைக் கண்டவுடன் அணிந்து, கடந்தவுடன் கைபிடியில் மாட்டும் கவசத்துக்கு இக்கணக்குப் பொருந்தாது.

நிற்க. கவசம் வீழ்ந்தபின் உதவுவது. வீழாதிருக்கத் தூரம் வேண்டும். இரவில் வீதியிற் படுத்திருக்கும் கட்டாக்காலி மாட்டைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு செக்கன் செல்லும் என்க. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குள் வண்டி 10 மீற்றர் ஓடிவிடும், அதன்பின் நிற்க, நல்ல தடுப்புடன், இன்னும் 10 மீற்றர், மொத்தம் 20. வேகத்தை 72 ஆக்கினால் முதற்பகுதி இருமடங்காகும். பிற்பகுதியோ வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் நான்கு மடங்காகும். 20உம் 40உம் சேர்ந்து 60 மீற்றர். மங்கிய விளக்கொளியில் கறுத்த மாடு அத்துணைத் தூரத்திலே தோன்றுமா?

இதனை ஒரு தாளில் எழுதி மகனுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்தவன், "மழை நாளில் எவ்வளவு வரும், அப்பா?" என்றான். தடுப்பைப் பாதியெனக் கொண்டு இருவருமாக மீண்டும் கணக்கிட்டோம். 100 மீற்றர் வந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியின் ரயரைப் பார்க்க வெளியே சென்றான்.